கச்சான் காலத்தில் ஒரு ட்றவுட்காரன்

திங்கள், கல்லடி

மச்சானுக்கு இந்த முறை புதிதாக ஒரு யோசனை பிடித்திருக்கிறது. உன்னிச்சைப் பக்கம் சும்மா கிடக்கும் காணியில் தொட்டி கட்டி ட்றவுட் வளர்க்கப் போகிறாராம். நான் கொழும்பு பஸ்ஸால் இறங்கி முகம்கூடக் கழுவவில்லை, அதற்குள் போனைத் தூக்கி வீடியோ காட்டத் தொடங்கிவிட்டார். எங்கேயோ ஒரு மலைநாட்டில் கல்லுக் கட்டிய நீளத் தொட்டி, அடி தெரியும் தண்ணீர், சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி விழுந்த மீன்கள். "நீ அங்க இதத்தானே பார்க்கிறாய், இஞ்ச ஏன் ஏலாது? கொழும்பு ஹோட்டல்காரன் என்ன விலையெண்டாலும் எடுப்பான்" என்றார். மாமி குசினிக்குள் இருந்து "அவன் வந்த களைப்பு ஆறட்டும்" என்று சத்தம் போட்ட பிறகுதான் போன் கீழே இறங்கியது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சுவிஸில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை செய்கிறேன். எங்களுடைய மீன் பிறவுண் ட்றவுட். ஐரோப்பாவின் குளிர் ஓடைகளுக்கு உரிய மீன், லின்னேயஸ் 1758இல் சல்மோ துருட்டா என்று பெயர் வைத்தது. கடைகளில் ட்றவுட் என்று விற்பது பெரும்பாலும் இது இல்லை, அது வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்திலிருந்து வந்த ரெயின்போ ட்றவுட். ரெயின்போ பண்ணைக்காரனுக்குப் பிடித்த மீன்: வேகமாக வளரும், நெருக்கி விட்டாலும் பொறுக்கும், தீவன வாளியைக் கண்டால் ஓடி வரும். பிறவுண் பயந்தது. ஆள் நிழல் விழுந்தாலே தொட்டியின் மூலைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஒன்றின் செட்டையை ஒன்று கடிக்கும், தட்டில் வைக்கிற அளவுக்கு, அதாவது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருவதற்கு, ஏறக்குறைய இரண்டு வருடம் கேட்கும். அதனால்தான் அதை வளர்ப்பவர்களில் அநேகம் பேர் ஆற்றில் விடுவதற்காக வளர்க்கிறார்கள், சாப்பாட்டுக்கென்று வளர்ப்பவர்கள் கொஞ்சப் பேர். எங்கள் பண்ணையில் இரண்டும் நடக்கிறது.

மச்சானுக்கு இன்றைக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பையில் தொழில் பழக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன், அது பேசட்டும்.

பின்னேரம் மாமியோடு சந்தைக்குப் போனேன். கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஆடியில் மேற்கே மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் இந்தக் காய்ந்த காற்றில், கொடியில் போட்ட சாரம் மடித்து எடுக்கும் முன் மொறமொறவென்று ஆகிவிடும். சூடை, கீரி, பாரைக்குட்டி, மணலை, ஒரு ஓரத்தில் குளத்துத் திலாப்பியா, எல்லாம் சீமெந்து மேடையில் கிடக்கின்றன, இடைக்கிடை ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார்கள். அறக்குளாத் துண்டுக்கு மட்டும் ஐஸ். மாமி செவுளைத் திறந்து பூவின் சிவப்பைப் பார்த்தார், வயிற்றை விரலால் அமத்திப் பார்த்தார், இரண்டு கடை தாண்டி மூன்றாவது கடையில் சூடை வாங்கினார். ஏன் முதல் கடையில் வாங்கவில்லை என்று கேட்டேன். "அது காலம வந்தது மகன், இது இப்ப வந்தது." விலை இரண்டுக்கும் ஒன்றுதான். இதை மனதில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய், வாவி

விடியப்புறம் மாமாவின் கூட்டாளி ஒருவர் தோணியில் ஏற்றிக்கொண்டார். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய் பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. வெயில் காலத்தில் மணல் திட்டு வாயை அடைக்கும், மாரி வெள்ளம் வந்தால் திறக்கும். அதனால் இந்தத் தண்ணீரின் உப்பு மாதத்துக்கு மாதம் மாறும். மணலை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் அந்த மாற்றத்துக்குப் பழகிய சாதிகள். (பாடும் மீன் கேட்டதா என்று எல்லாரும் எழுதிக் கேட்கிறீர்கள். இல்லை. அதற்கு நிலா வேண்டும், பாலத்தில் வாகனச் சத்தம் அடங்க வேண்டும்.)

அவர் வீச்சுவலையை முழங்கையில் மடித்து, ஈயக்குண்டு வரிசையில் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. நான் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். சூரியன் இன்னும் வரவில்லை, 29 பாகை. மத்தியானம் கரையோரம் மறுபடி பார்த்தபோது 32.

மச்சானிடம் கணக்கைச் சொன்னேன். பிறவுண் ட்றவுட்டுக்கு 12 முதல் 16 பாகை வரை சுகம். 20 தாண்டினால் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது, 25 பக்கம் போனால் மிதக்கும். முட்டை அதைவிடச் செல்லம், 12, 13க்கு மேல் போனால் பெரும்பாலும் கெட்டுப்போகும். சூடு மட்டும் காரணம் இல்லை, மூச்சும்தான். 10 பாகை நன்னீரில் ஒரு லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் கரைந்திருக்கலாம், 30 பாகையில் ஏழரைதான், உப்புக் கலந்தால் அதிலும் குறையும். தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் உடம்பு கூடுதலாகக் கேட்கும், தண்ணீரிடம் கொடுக்க இருப்பதோ குறையும். ட்றவுட் ஓடுகிற தண்ணீரில் பிறந்த மீன், அந்தக் கடனை அதால் தாங்க முடியாது.

"குளிராக்கினா?" என்றார் மச்சான். விடமாட்டார்.

சரி, குளிராக்குவோம். ஆயிரம் லீற்றர் தண்ணீரை 30இலிருந்து 15 பாகைக்கு இறக்க, நல்ல இயந்திரமாக இருந்தால்கூட ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம் போகும். சின்னப் பண்ணை ஒன்றுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் ஓட்டம் என்று வைத்தால் மணிக்கு 36,000 லீற்றர். அதாவது மணிக்கு 216 யூனிட், இரவும் பகலும். தண்ணீரை வடித்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டால் குறைக்கலாம், ஆனால் அதற்கு வடிகட்டி, பம்பு, கரண்ட் போனால் உடனே ஓட ஜெனரேற்றர். மச்சான் போனில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தோணிக்காரர்தான் சிரித்தார். "தம்பி, அப்ப அந்த மீன பிறிட்ஜுக்குள்ள வச்சு வளர்க்கிறதா?"

திரும்பும்போது வாவியோரத்தில் புல் மூடிக் கிடக்கும் பழைய இறால் பண்ணை வரம்பு ஒன்றைக் காட்டினார். இலங்கையில் இறால் வளர்ப்பு ஒரு தொழிலாகத் தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். உள்நாட்டுச் சண்டை வந்தது, கைவிட்டார்கள், தொழில் புத்தளம் சிலாபம் பக்கம் போய்விட்டது. அங்கே 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாக அள்ளிக்கொண்டு போனது. மீன் வளர்ப்பு என்றால் லாபக் கணக்கை மட்டும் வீடியோவில் போடுகிறவர்களிடம் இந்த வரம்புகளைக் காட்ட வேண்டும்.

இரவு மாமியின் பேத்தி கேட்டாள், மீனுக்குப் பிரசவம் பார்க்கிறதா உங்கள் வேலை என்று. ஏறக்குறைய அதுதான். கார்த்திகை மார்கழியில், பகல் சுருங்கித் தண்ணீர் குளிர்ந்த பிறகு, சினை முற்றிய பெண் மீனைத் துணியில் சுற்றிப் பிடிப்போம். வால் ஒரு கையில், தலை அக்குளுக்குக் கீழே. நெஞ்சுச் செட்டைக்குப் பின்னால் பெருவிரலை வைத்துக் கீழே வழிப்போம். முற்றியிருந்தால் அமத்தத் தேவையே இல்லை, செம்மஞ்சள் முட்டைகள் ஒவ்வொன்றும் பட்டாணியை விடச் சின்னதாக உலர்ந்த கிண்ணத்தில் சலசலவென்று விழும். கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் முட்டை. ஆண் மீனின் விந்தை அதன் மேல் பிழிந்து இறகால் கிளறுவோம். இவ்வளவு நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. தண்ணீர் பட்டால் விந்து ஒரு நிமிடம்கூட உயிரோடு இராது, முட்டையின் துவாரமும் சீக்கிரம் மூடிவிடும். கிளறி முடித்த பிறகுதான் தண்ணீர், பிறகு தட்டில் பரப்பி இருட்டில் வைப்பது. 10 பாகையில் ஏறக்குறைய 40 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சட்கருப் பையைச் சுமந்துகொண்டு சில கிழமை ஒன்றும் சாப்பிடாமல் அடியில் கிடக்கும். எனக்கு அந்தக் கிழமைகள்தான் வருடத்திலேயே அமைதியானவை, தீவனமும் இல்லை, சண்டையும் இல்லை.

புதன், படுவான்கரை

வலையிறவுப் பாலம் தாண்டி ஆயித்தியமலை வழியாக உன்னிச்சை. சிறுபோக அறுவடை நடக்கிறது, தார் ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வாகனத்துக்கு. வழியில் யானை உரித்துப் போட்ட வாழைகள்.

மச்சானின் காணிக்குப் போனோம். கிணத்துத் தண்ணீர் நல்ல குளிர் என்று அவர் அடித்துச் சொன்னார். வாளியில் அள்ளி வெப்பமானியை விட்டேன், 28 பாகை. கச்சானில் வேர்த்த உடம்புக்கு அது குளிர்தான். ட்றவுட்டுக்கு அது வெந்நீர்.

குளக்கட்டில் வலை இறக்கி வந்தவர்களிடம் நின்றோம். எல்லாம் திலாப்பியா, நடுவே ஒன்றிரண்டு விரால். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளத்து மீன் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், சேற்று வாசம் என்பார்கள். நான் வக்கீலாக நிற்கிறேன். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது, அதன் பிறகு உள்நாட்டுக் குளங்களின் மீன்பிடி என்றாலே திலாப்பியாதான். பாசி, சேற்றில் படிந்த கழிவு, எது கிடைத்தாலும் சதையாக்கும். தாய் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும், பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். பிறவுண் ட்றவுட் தாய் கூழாங்கல்லை வாலால் தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். குளத்தில் வாழ்வதற்கு எது கெட்டிக்காரி என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் சாப்பாடு. சுவிஸிலிருந்து காற்றெடுத்த பையில் புகை போட்ட ட்றவுட் கொண்டுவந்திருந்தேன், எங்கள் பண்ணையின் பிறவுண்தான். இரவு அதைத் திறந்தேன். வெட்டிய பக்கம் இளம் சிவப்பு. அந்த நிறம் அதன் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறச்சத்தினால் வருவது, ஓடையில் வாழ்வது கூனிகளைத் தின்று அந்த நிறத்தை எடுக்கும். மாமா ஒரு துண்டு வாயில் வைத்து, மரியாதைக்கு இன்னொன்று எடுத்தார். மாமி, "உப்பும் புகையும்தான் தெரியுது, மீன் எங்க?" என்றார். பிறகு குசினிக்குக் கொண்டுபோய் உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி எடுத்தார், கடைசியில் தேசிக்காய் பிழிந்தார். பிட்டோடு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அங்கே அதை வெண்ணெயில் வாட்டி உருளைக்கிழங்கோடு தருவார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் இந்தச் சுண்டலுக்குப் பிறகு எனக்கு அதில் மனம் போகுமா தெரியாது.

மாமிக்குச் சீனி வருத்தம், கொலஸ்ட்ரோலும் உண்டு. டொக்டர் மீன் கூடச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், அதனால் மேசையில் பேச்சு அங்கே போனது. ட்றவுட் சதை 100 கிராமில் புரதம் 20 கிராம் அளவு, கொழுப்பு 6, 7 கிராம், அதில் இதயத்துக்கு நல்லதென்று சொல்லும் ஒமேகா-3 கணிசமாக உண்டு, விற்றமின் டியும் பி12உம் நிறைய. திலாப்பியாவில் புரதம் அதே அளவு, கொழுப்பு 2 கிராம்கூட வராது, ஆகவே ஒமேகாவும் குறைவு. இதுவரை ட்றவுட் வெல்கிறது. ஆனால் திங்கட்கிழமை மாமி வாங்கிய சூடையை எடுங்கள். சூடை, சாளை போன்ற சின்னக் கொழுப்பு மீன்கள் ஒமேகா-3இல் ட்றவுட்டுக்குக் குறைந்தவை இல்லை, மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். விலை நாலில் ஒன்றுகூட இல்லை.

பண்ணைக்காரர்கள் சத்தமாகச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. ட்றவுட் தானாக ஒமேகாவை உண்டாக்கிக் குவிப்பதில்லை, தின்றதைத்தான் சேர்க்கிறது. அதன் தீவனத்தில் புரதமே 40 சதவீதத்துக்கு மேல், அதற்கு மீன்தூளும் மீனெண்ணெயும் போடுகிறோம். அவை எங்கிருந்து வருகின்றன? பெரிய பங்கு பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்தலி வகையிலிருந்து. இப்போது சோயாவும் மற்ற எண்ணெய்களும் கூடுதலாகக் கலக்கிறார்கள், அப்படிக் கலக்கக் கலக்க மீனின் ஒமேகாவும் குறைகிறது. அதாவது சின்ன மீனை அரைத்துப் பெரிய மீனுக்குக் கொடுத்து, அந்தப் பெரிய மீனை மருந்துக் கடை விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறோம். மாமி இடையில் இருக்கும் எல்லாரையும் வெட்டிவிட்டு நேரே சின்ன மீனிடம் போகிறார்.

வியாழன்

வெயில். வெளியே போகவில்லை. எருமைத் தயிர், கித்துள் பாணி, நித்திரை.

வெள்ளி, இங்கினியாகலை

ஜும்ஆ நேரத்தில் கல்முனைக் கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும் என்பதால் விடியவே புறப்பட்டோம். கல்முனை, காரைதீவு, அங்கிருந்து மேற்கே திரும்பி அம்பாறை, பிறகு இங்கினியாகலை. காரைதீவிலிருந்து உள்ளே வர வர இரண்டு பக்கமும் வயல், வயலுக்குப் பின்னால் மெல்ல மெல்ல மலை எழும்புகிறது.

இங்கினியாகலை அணையில் நின்றால் தண்ணீர் கண்ணுக்கெட்டாது, நடுவில் மலைகள் தீவாகி நிற்கின்றன. சேனாநாயக்க சமுத்திரம், இலங்கையின் பெரிய நீர்த்தேக்கம். கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியது. நம் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் ஆற்றைத்தான் இங்கே மறித்தார்கள். அந்தக் குடியேற்றத்தின் அரசியலும் 1956 கலவரமும் தனியாக எழுத வேண்டிய விடயம், இந்தக் குறிப்புக்குள் அடக்கினால் இரண்டுக்கும் அநியாயம். மீனுக்கு வருகிறேன்: அணையும் திலாப்பியாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. ஒன்று தண்ணீரைத் தேக்கியது, மற்றது அதை நிரப்பியது.

இங்கே அரசாங்கத்தின் மீன்குஞ்சு உற்பத்தி நிலையம் இருக்கிறது. கெண்டை வகைகளையும் திலாப்பியாவையும் குஞ்சு பொரிக்க வைத்துக் குளங்களுக்கு விடுகிறார்கள். கட்லா, ரோகு என்ற கெண்டைகள் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடாது, ஆற்று வெள்ளம் வேண்டும், அதனால் ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் சினை இறக்க வேண்டும். எங்களுக்குக் குளிர்காலம் செய்துகொடுக்கும் வேலையை இவர்களுக்கு ஊசி செய்கிறது.

அணைக்கட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது மச்சான் கடைசித் துருப்பை எடுத்தார். "நுவரெலியாவில ட்றவுட் இருக்காம். அதுவும் இந்த நாடுதானே." இருக்கிறது. 1880களில் வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகப் பிறவுண் ட்றவுட்டைக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் போன இடமெல்லாம் இதைச் செய்தார்கள். 1864இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்கு முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸுக்குள் வைத்து, நோர்ஃபோக் என்ற கப்பலில் மூன்று மாதம் போல கொண்டுபோனார்கள், அங்கே பொரித்தது. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனது. இங்கே பிறவுண் நிலைக்கவில்லை. பிறகு கொண்டுவந்த ரெயின்போதான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தானாக இனம் பெருக்கி நின்றது. அதுவும் 2,000 மீற்றர் உயரத்தில், காலையில் புல்லில் உறைபனி விழும் இடத்தில். இந்த அணையிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் அது பெரிய தூரமில்லை. மேலே ஏறும் தூரம்தான் கணக்கு.

நிலைக்காததற்காக அழவும் தேவையில்லை. நியூசிலாந்தில் பிறவுண் ட்றவுட் உள்ளூர்ச் சின்ன மீன்களைத் தின்று பல ஓடைகளில் இல்லாமல் ஆக்கிவிட்டது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் அதற்கும் இடம் உண்டு (மொசாம்பிக் திலாப்பியாவுக்கும் உண்டு, பக்கச்சார்பு வேண்டாம்). அதே மீன் தன் சொந்த ஊரில் அடிபடுகிறது. சுவிஸ் ஆறுகளில் பிடிபடும் பிறவுண் 1980களில் இருந்ததில் பாதிகூட இல்லை. கோடையில் ஆற்று நீர் 15 பாகைக்கு மேல் நின்றால் சிறுநீரக நோய் ஒன்று கிளம்பிக் குஞ்சுகளைக் கொல்கிறது. நாங்கள் வளர்த்து விடுகிறோம், ஆறு சூடாகிறது, மறுபடி வளர்த்து விடுகிறோம்.

இரவு அக்கரைப்பற்றில் தெரிந்தவர் வீடு. கோழியாணமும் இடியப்பமும், மீன் பேச்சுக்கு ஓய்வு.

சனி, நிந்தவூர்க் கரை

கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு கயிற்றிலும் ஆட்கள், ஏலேலோ போய்ச் சில இடங்களில் உழவு இயந்திரம் வந்துவிட்டது, இங்கே இன்னும் கைதான். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் இந்த மாதங்களில் கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும், அதுதான் தொழில் காலம். மடி கரையேறியதும் உள்ளே முழுக்கச் சூடையும் நெத்தலியும், வெள்ளியாகத் துள்ளின.

நான் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் மணலில் கொட்டப்பட்டது, தரம் பிரித்தார்கள், ஏலம் போனது, கூடைக்குள் போனது, வெயில் ஏறிவிட்டது. ஐஸ் லொறி வந்தபோது மேலே கிடந்த மீனின் கண்ணில் பளபளப்பு போயிருந்தது. ஒன்றை எடுத்து வயிற்றை அமத்தினேன். மாமி வாங்கமாட்டார்.

எங்கள் பண்ணையில் என்ன செய்வோம் தெரியுமா? விற்பதற்கு முன் சில நாள் தீவனத்தை நிறுத்திக் குடலை வெறுமையாக்குவோம். தொட்டியிலிருந்து எடுத்ததும் மயக்கி, செவுளில் வெட்டி இரத்தம் வடிய விட்டு, நொறுக்கின ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டிக்குள் போடுவோம். அங்கேயே குடல் எடுப்போம். மீன் செத்த பிறகு ஒரு கணமும் சூட்டைக் காணாது. ட்றவுட் சுவை ட்றவுட் சுவை என்று புகழ்கிறார்களே, அதில் பாதி இந்த வேலைதான். அதே ட்றவுட்டை இந்த மணலில் இரண்டு மணித்தியாலம் போட்டால் எந்த ஹோட்டல்காரனும் தொடமாட்டான்.

ஐஸ் வியாபாரம் செய்யும் காக்கா ஒருவரிடம் (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது) பேச்சுக் கொடுத்தேன். மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும் என்பது அவருக்கும் தெரிகிறது. "தெரியும் தம்பி. ஐஸுக்குக் காசு முதலாளி போடுறதா, வலைக்காரன் போடுறதா? ரெண்டு பேரும் போடமாட்டாங்க. கெட்டா நெத்தலியக் காய வச்சிருவாங்க, சூடைய விலையக் குறைச்சுத் தள்ளிருவாங்க." சூரை, சூடை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட சிலருக்கு முகம் சிவந்து உடம்பு கடிக்கும் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். "ஓம், அத நாங்க மீன் விலகலண்டு சொல்லுவம், டொக்டர் ஒவ்வாமைண்டு எழுதுவார்."

மச்சான் இவ்வளவு நேரமும் எங்கள் பக்கத்தில் நின்று ஐஸ் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை அடைத்த பெட்டி எவ்வளவு, எத்தனை கிலோ கொள்ளும், மூடி இறுக்கமாக இருந்தால் ஐஸ் அடுத்த நாள் வரைக்கும் நிற்குமா என்று காக்காவிடம் கேள்வி மேல் கேள்வி. ட்றவுட் என்ற சொல்லைக் காலையிலிருந்து அவர் வாயில் கேட்கவில்லை.

ஞாயிறு, கல்லடி

என் பங்குக்கு மச்சானிடம் நேராகவே சொன்னேன். வளர்க்கத்தான் வேண்டும் என்றால் இந்தச் சூட்டுக்குப் பிறந்த மீனை வளர்க்கலாம். பால் மீன் பாசி தின்னும், உப்பு மாறினாலும் தாங்கும், தீவனச் செலவு குறைவு, ஆனால் முள் அதிகம், நம் ஆட்கள் குறை சொல்வார்கள். கொடுவாவுக்கு நல்ல விலை, ஆனால் அதுவும் மீன் தின்னி, ட்றவுட்டின் தீவனக் கணக்கு அப்படியே திரும்பி வரும், குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்காமல் அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். உன்னிச்சைக் காணியில் இரண்டுக்கும் இடமில்லை, அங்கே நன்னீர், திலாப்பியாதான். இவை எதையும் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே பிடிபடும் மீனைக் கெடாமல் கொண்டுவந்தாலே காசு இருக்கிறது. ட்றவுட் பண்ணையிலிருந்து இங்கே கொண்டுவரக்கூடியது அதன் குளிர் மட்டும்தான், அதையும் கட்டியாக வாங்கலாம்.

மத்தியானம் தோணிக்காரர் வந்தார். மச்சானின் திட்டம்: பெட்டியும் ஐஸும் இவர் கொடுப்பது, மீன் வலையிலிருந்து கழன்ற உடனே பெட்டிக்குள், டவுனில் வீடு வீடாகக் கொடுப்பது, கிலோவுக்குச் சந்தை விலையை விட ஐம்பது ரூபா கூட. தோணிக்காரருக்குப் பெட்டி தோணியில் இடம் பிடிக்கும் என்பது பிரச்சினை. சின்னப் பெட்டியாக இரண்டு போடலாம் என்றார் மச்சான். மழைக்காலத்தில் மீன் குறைந்தால் ஐஸ் காசு யார் தலையில் என்றார் அவர். அந்த ஐம்பது ரூபாவில் எத்தனை ரூபா யாருக்கு என்பதில் பேச்சு இப்போதும் விறாந்தையில் போய்க்கொண்டிருக்கிறது. மாமி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, முதல் பெட்டியில் வரும் மணலை தனக்கென்று சொல்லிவைத்திருக்கிறார், சந்தை விலைக்கு.